கால் தெரியற மாதிரி ஒரு படம்

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயிலில் எஞ்சின் பின்னால் இருக்கும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்திருக்கிற பல்வரிசையை எஞ்சினின் பல்சக்கரம் கடித்துப் பிடித்து ஏற, பெட்டிகளை அது முன்னால் தள்ளிக்கொண்டு போகிறது. ஏறக்குறையப் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி உயரம். 1899ல் குன்னூர் வரைக்கும், 1908ல் ஊட்டிக்கும் போட்ட பாதை. குன்னூருக்கு 28 கிலோமீட்டர்தான், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இந்த வேகம் படம் எடுப்பதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு குகைக்குள்ளும் மொத்தப் பெட்டியும் கூச்சல் போடும். வெளிச்சம் வந்ததும் எல்லா ஜன்னல்களிலிருந்தும் கைகள் நீளும், ஒவ்வொரு கையிலும் ஒரு போன். வழியில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க நின்றபோது எல்லோரும் இறங்கிப் போய் எஞ்சினோடு நின்று எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன்.

என் நண்பன் இறங்கவில்லை. எங்கள் இரண்டு பேரில் உண்மையான கேமரா வைத்திருப்பவன் அவன்தான். அவனுக்குச் சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். முப்பத்து நான்கு வயதில் அன்றைக்குத்தான் முதல்முறையாக இந்த ரயிலில் ஏறியிருந்தான். மலையில் பிறந்தவர்களில் இப்படி நிறையப் பேர் உண்டு. டிக்கெட் எப்போதோ விற்றுத் தீர்ந்துவிடும், பஸ் பாதி நேரத்தில் ஏற்றிவிட்டுவிடும், அப்புறம் எதற்கு ரயில்? நான் பிடிவாதம் பிடித்ததால் வந்தான்.

"என்னடா, ஒண்ணுகூட எடுக்கல?"

"கல்யாணத்துக்குக் கல்யாணம் ரெண்டாயிரம் எடுக்கறேன். விடு, கொஞ்சம் சும்மா பாத்துட்டு வர்றேன்."

கோவையில் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே வருடத்தில் இருவேறு கம்பெனிகளுக்குப் போனோம். அவன் வார நாட்களில் கோட் எழுதுகிறான், முகூர்த்த நாட்களில் கல்யாணப் படம் எடுக்கிறான். இரண்டாவது வேலையில்தான் அவன் முகம் தெளிவாக இருக்கும். டிசம்பரில் நான்கு நாள் விடுமுறை சேர்ந்து வந்தது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, முடிந்தால் பைக்காரா. எனக்கு அது சுற்றுலா. அவனுக்கு வேறு வேலை இருந்தது என்பது குன்னூரில் பஸ் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

கோத்தகிரி பஸ் ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டது. முன்னால் இரண்டு டூரிஸ்ட் வேன்கள் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. இறங்கியவர்கள் தேயிலைச் சரிவின் ஓரத்தில் வரிசையாக நின்று, கீழே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் "அக்கா, இந்தப் பக்கம்! கொஞ்சம் சிரிங்க!" என்று கத்தினார். ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். இன்னொருவர் பழக்கமானவர் போல, கையை நிறுத்தாமலே, கேட்டது போல சிரித்துக் கொடுத்தார்.

அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்கம்மா போட்டோ உலகம் பூரா இருக்கும்டா. எங்க வீட்லதான் இல்ல."

கண்டக்டர் விசில் ஊதி வேனை நகர்த்தச் சொல்லி, பஸ் கிளம்பி, கட்டபெட்டு வரும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு அவனே விவரம் சொன்னான். ரோட்டோரத் தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர் அவன் அம்மா. ஒரு சீசனுக்கு எத்தனை கேமரா அவரைப் பார்த்திருக்கும் என்று கணக்கே கிடையாது. பிலிம் கேமரா காலத்திலிருந்து போன் காலம் வரைக்கும். எடுத்தவர்கள் யாரும் திருப்பி அனுப்பியதில்லை, அனுப்ப விலாசம் கேட்டதும் இல்லை. வீட்டில் அவருக்கென்று இருப்பது ரேஷன் அட்டைப் படம், ஆதார் படம், சின்ன வயதில் இலங்கையில் எடுத்த ஒரு குடும்பப் படம். கல்யாணப் படங்கள் மலை ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கப் போனதில் முகங்கள் உரிந்துவிட்டன.

"அப்பா போனப்போ மாலை போட படம் இல்ல. ஓட்டர் ஐடில இருந்து பெருசு பண்ணுனோம். கோத்தகிரி ஸ்டுடியோல சட்டை, கோட்டெல்லாம் போட்டுக் குடுத்தாங்க. அப்பா வாழ்க்கைல கோட்டு போட்டதில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "அம்மாவுக்கும் அப்பிடி ஆயிரக்கூடாது. அதுக்குத்தான் இந்தத் தடவை."

அவன் இதுவரை எடுக்கவே இல்லையா என்று கேட்டேன். கேமராவைத் தூக்கினால் முந்தானையை வாயில் வைத்துத் திரும்பிக்கொள்கிறாராம். தெரியாமல் எடுத்த படங்கள் இருக்கின்றன. அதெல்லாம் சமையல் செய்யும் அம்மா, துணி காயப்போடும் அம்மா. மாலை போட ஆகாது.

*

இந்த வேலை செய்கிறவனுக்கு வருகிற ஒரு நினைப்பைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய போன்கள் நாம் எடுத்த படங்களில் முகங்களைத் தேடி, ஒரே முகத்தையெல்லாம் ஒரு வட்டத்துக்குள் சேர்த்து, "இவர் யார்?" என்று கேட்கும். பெயர் தெரிந்தால் எழுதுவோம், தெரியாவிட்டால் விட்டுவிடுவோம். அந்த அம்மாவின் முகம் எத்தனையோ ஊர்களில், யார் யாருடைய போன்களிலோ, பெயர் எழுதாத ஒரு வட்டமாக இருக்கக்கூடும். அந்த போன்களின் சொந்தக்காரர்களுக்கு அது "ஊட்டி 2019".

*

அவர்கள் வீடு இருப்பது லைனில். ஓடு வேய்ந்த வரிசை வீடுகள், முன்னால் ஒரு நீண்ட திண்ணை, பின்னால் கேரட்டும் மேரக்காய்ப் பந்தலும். வீடு தோட்டத்துடையது. குடும்பத்தில் ஒருவருக்காவது தோட்ட வேலை இருக்கும்வரை தங்கலாம். இப்போது நண்பனின் தம்பி மனைவி வேலைக்குப் போகிறார்.

அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். என்னை "வாங்க தம்பி" என்று கூப்பிட்டு, கால் நனைத்துவிட்டு உட்காருவதற்குள் வரட்டீ கொண்டுவந்தார். பாலில்லாத தேநீருக்கு அவர்கள் சொல்லும் பேர் அது. பேச்சில் கண்டிச் சீமை இன்னும் இருக்கிறது. நீலகிரியில் ஐம்பது வருடம் ஆன பிறகும் லைனை 'லயம்' என்கிறார். இடுப்பில் கட்டும் சாக்கை 'படங்கு' என்கிறார். பக்கத்துப் படுகர் ஊர்க்காரர்கள் இவர்களை 'சிலோன்காரங்க' என்கிறார்கள். இலங்கையில் இருந்தபோது 'இந்தியாக்காரங்க' என்றார்களாம்.

கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்ய நம் ஊர்களிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் இலங்கைக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு, 1948ல் அந்த நாடு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் எந்த நாடும் இல்லாமல் போனது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மீதமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974ல் இன்னொரு ஒப்பந்தம் பாதிப் பாதியாகப் பிரித்தது. யாருக்கு எது என்று அந்தக் குடும்பங்களிடம் கேட்டுப் போட்ட கணக்கு அல்ல இது. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்கு 'ராமானுஜம்' கப்பல். அங்கிருந்து மண்டபம் முகாம். அங்கிருந்து ஊர் ஊராக. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968ல் வனத்துறையின் கீழ் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அதுதான் பின்னால் டான்டீ ஆனது. கூடலூர், பந்தலூர், சேரங்கோடு, கோத்தகிரி என்று மலை முழுக்க இந்தக் குடும்பங்கள் அப்படித்தான் பரவின. 2022ல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க முடிவானபோது, அந்த லைன்களில் ஓய்வு பெற்றவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி பத்திரிகைகளில் கொஞ்ச நாள் இருந்தது.

அம்மா வந்தது 1974ல், பன்னிரண்டு வயதில். பாஸ்போர்ட்டுக்காக ஹட்டனில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து காட்டினார். தபால் அட்டை அகலம். அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். எல்லோரும் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்கள். இடுப்புக்கு மேலேதான் தெரிகிறது. ஓரத்தில் நிற்கும் பெண்தான் இவர், இரட்டை ஜடை, பயந்த கண்.

"செருப்பு வாங்கிக் குடுத்தாங்க தம்பி, அன்னைக்கித்தான். மொதோ செருப்பு. போட்டோல வரும்னு நெனச்சுக் கால ஒண்ணா வச்சு நின்னேன். பாத்தா, பாதில வெட்டிட்டான்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஐம்பது வருடமாக ஒருவர் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார் என்றால் அது சிரிப்பு மட்டும் அல்ல என்று எனக்குப் பட்டது.

மறுநாள் காலை வெயில் நன்றாக இருந்தது. மேகம் கீழே பள்ளத்தாக்கில் படுத்திருந்தது, மேலே நீலம். நண்பன் ஒரு யோசனையோடு எழுந்திருந்தான். பரண்மேல் கிடந்த பழைய மூங்கில் கூடையைத் துடைத்துவைத்திருந்தான். லைனுக்குப் பின்னாலேயே தேயிலை. அம்மா அங்கே, கூடையோடு, காலை வெளிச்சத்தில். அவன் மனதில் படம் ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. கல்யாணப் படங்களில் பரிசு வாங்கியவன், வெளிச்சம் பார்க்கத் தெரிந்தவன், எடுத்திருந்தால் அபாரமாக வந்திருக்கும்.

அம்மா கூடையைப் பார்த்தார்.

"இத எதுக்கு எறக்குன?"

சொன்னான்.

"கூடையோட வேண்டாம்."

"ஏம்மா, நல்லாருக்கும்மா. உன் வேலைதான?"

"அதத்தான் எல்லாரும் எடுக்குறாங்களே. நீயுமா?"

அதற்கு மேல் அவர் கோபப்படவில்லை. கூடையை வாங்கிப் பார்த்து, பல வருடமாகக் கூடையே கிடையாது என்று எனக்கு விளக்கினார். இப்போதெல்லாம் கத்தரி. கத்தரியின் மேலேயே பை வைத்திருக்கும், வெட்டினால் இலை பைக்குள் விழும், நிறைந்ததும் சாக்கில் கொட்ட வேண்டும். கையால் கிள்ளினால் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக வரும், கத்தரிக்கு அந்தக் கண் கிடையாது, முற்றினதும் சேர்ந்து வரும். ஆனால் கிலோ ஏறும். தோள்பட்டை போய்விடும். ரோட்டில் நின்று எடுப்பவர்களுக்குக் கத்தரியும் பிளாஸ்டிக் சாக்கும் பிடிப்பதில்லை. "கூடை இல்லையாக்கா?" என்று கேட்டவர்கள் உண்டாம். தேயிலை டப்பாவில் இருக்கிற பெண்ணைத் தேடி வந்தவர்கள் போலிருக்கிறது.

"அப்ப எப்பிடி எடுக்கட்டும், நீயே சொல்லு" என்றான் நண்பன், கொஞ்சம் சலிப்போடு.

அம்மா யோசிக்கவே இல்லை. "ஊட்டி கார்டன்ல எடு. பட்டுச்சீல கட்டிக்கிட்டு வர்றேன்."

ஊட்டிக்கு அவர் எத்தனையோ முறை போயிருக்கிறார். கலெக்டர் ஆபீசுக்கு, சாதிச் சான்றிதழுக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு, யூனியன் கூட்டத்துக்கு. ஊரே மே மாதத்தில் பூக்கண்காட்சி பார்க்க வருகிற தாவரவியல் பூங்காவுக்குள் போனதில்லை. வாசல் வரை போயிருக்கிறார். டிக்கெட் ஒரு காரணம், கடைசி பஸ் ஒரு காரணம். முக்கியமான காரணம், மலையில் இருப்பவர்கள் மலையைப் பார்க்க டிக்கெட் எடுப்பதில்லை என்பதுதான்.

*

அடுத்த நாள் ஒரு கார் பேசினோம். டிரைவரின் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான்: கார்டன், போட் ஹவுஸ், பைக்காரா, சேர்த்து ஒரு ரேட். அம்மா அரக்கு நிறப் பட்டில், மேலே ஸ்வெட்டர் போடாமல், குளிரைத் தாங்கிக்கொண்டு வந்தார். காலில் புதுச் செருப்பு. நான் கவனித்தேன், எதுவும் கேட்கவில்லை.

தொட்டபெட்டா இறக்கத்தில் கற்பூர மர வாசனை காருக்குள் வந்தது. ஊட்டி என்றாலே நம் மூக்குக்குத் தோன்றும் அந்த வாசனை ஆஸ்திரேலியாவுடையது. யூகலிப்டஸும் சீகையும் 19ஆம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்து நட்டவை. தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கும் ஆஸ்திரேலிய மரம்தான். தேயிலை சீனத்துடையது. ஏரி, கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளைத் தடுத்து உண்டாக்கியது. அதற்கு முன்னால் இங்கே புல்வெளியும், மடிப்புகளில் சோலைக்காடும். இயற்கை அழகு என்று நாம் எடுத்துக்கொண்டு போகிற படங்களில் பெரும்பகுதி யாரோ ஆள் வைத்து நட்டது, வெட்டியது, தேக்கியது. நாங்கள் போய்க்கொண்டிருந்த பூங்காவும் அப்படித்தான். 1848ல் தொடங்கி, மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் சதுப்பும் சரிவுமாகக் கிடந்த இடத்தை அடுக்கடுக்காகத் திருத்தினார். திருத்தினார் என்று ஒருமையில் எழுதுவதே வழக்கமாகிவிட்டது. மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர் பலகையில் இல்லை.

பூங்காவின் மேல் எல்லையில் ஒரு தோடர் மந்து இருக்கிறது. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. மலையில் ஆளும் கேமராவும் சந்தித்த கதை அவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். பிரிட்டனிலிருந்து 1860களில் ஊட்டிக்கு வந்து ஸ்டுடியோ நடத்திய ஏ.டி.டபிள்யூ. பென், அவருக்கு முன்னால் நிக்கோலஸ் சகோதரர்கள் என்று அந்தக் காலத்திலேயே இங்கே தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். 1873ல் மட்டும் இரண்டு புத்தகங்கள் லண்டனில் வந்தன. ஒன்று நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதி, அவர் இறந்தபின் வெளியானது, நீலகிரிப் பழங்குடிகளையும் அவர்களின் பழஞ்சின்னங்களையும் பற்றியது. மற்றொன்று மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி எழுதியது. மண்டை ஓட்டின் வடிவத்தை வைத்துக் குணத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பிய கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். இரண்டிலும் தோடர்களின் படங்கள் உண்டு. படங்கள் அழகானவை, எனக்குப் பிடிக்கும், இணையத்தில் கிடைத்ததையெல்லாம் சேமித்துவைத்திருக்கிறேன். பென்னின் வாழ்க்கையை அவர் குடும்பத்தில் வந்த ஒருவர் வருடக்கணக்கில் தேடிப் புத்தகமாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் காலப் படங்கள் பலவற்றின் அடியில் 'தோடர் ஆண்', 'தோடர் பெண்' என்ற அளவில்தான் குறிப்பு. எடுத்தவருக்கு வம்சாவளி இருக்கிறது, எடுக்கப்பட்டவருக்கு இனம் மட்டும்.

இதையெல்லாம் நண்பனிடம் சொல்லிக்கொண்டே மேலே ஏறினேன். அவன் காதில் வாங்கவில்லை. அம்மா எங்கே நிற்பார் என்று வெளிச்சம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று மட்டும் அவன் முந்நூற்றுச் சொச்சம் படம் எடுத்தான். பெரணிகளுக்கு நடுவே, பசும்புல்லில், பாசி படிந்த சுவரோரம். அம்மா முதலில் விறைத்தார், பிறகு பழகிவிட்டார். ஒரு கட்டத்தில் எங்களை மறந்து பூச்செடிகளைப் பார்க்கத் தொடங்கினார். தொட்டிகளில் சால்வியா நாற்றுகளை நெருக்கி வைத்திருப்பதைப் பார்த்து, "இப்பிடி வச்சா அழுகிரும், காத்துப் போகணும்" என்று வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சொன்னார். அந்தப் பெண் எந்த ஊர் என்று கேட்க, இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அரை மணி நேரத்தில் கொலப்பள்ளியில் ஒரு பொதுவான உறவு கிடைத்துவிட்டது. அந்தப் பேச்சின்போது நண்பன் எடுத்த ஒரு படம் இருக்கிறது. அம்மா பக்கவாட்டில், எதையோ நம்ப முடியாமல் சிரிக்கிறார், பின்னால் எல்லாம் கரைந்த பச்சை. அவன் எடுத்ததிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

கண்ணாடி மாளிகைக்கு முன்னால் ஒரு வயதான போட்டோகிராபர் எங்களைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் கேமரா, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட மாதிரிப் படங்கள். நண்பன் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்தும் அவர் அசரவில்லை.

"அது இருக்கட்டும் சார். அம்மாவுக்கு ஒரு படம், நூறு ரூபா, பத்து நிமிஷத்துல கையில பிரிண்ட்."

நண்பன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அம்மா போய் நின்றுவிட்டார். போட்டோகிராபர் ஏழெட்டு அடி பின்னால் போனார். குனியவில்லை, சாயவில்லை, வெளிச்சம் பார்க்கவில்லை. "நேரா நில்லும்மா. கை கீழ. இங்க பாரு." ஒரே ஒரு க்ளிக்.

பிரிண்ட் வருவதற்குள் பேச்சுக் கொடுத்தேன். அவர் தொடங்கியது கிளிக் 3 கேமராவில். 120 ரோல், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம், அதனால் பார்த்துப் பார்த்துத்தான் அழுத்த வேண்டும். பணமும் விலாசமும் வாங்கிக்கொண்டு, கழுவிப் பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவார்கள். ஆள் இல்லை என்று திரும்பி வந்த கவர்களை ரொம்ப நாள் வைத்திருந்தாராம். ஊட்டி ஈரத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டது.

"பிலிம் எங்கிருந்து வாங்குவீங்க?"

"எங்கிருந்தா? இங்கதான் சார் செஞ்சான். இந்து பிலிம். நீங்க பைக்காரா போற வழிதான், இந்து நகர்."

*

இந்து நகரைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். எங்கள் திட்டத்தில் பைக்காரா இருந்ததற்கு அதுவே பாதிக் காரணம். ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருக்கிறது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் 1960ல் தொடங்கப்பட்டு, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967ல் உற்பத்தியைத் தொடங்கியது. 'இந்து' என்றால் நிலா. வெள்ளி நிறம் என்பதால் வைத்த பேராக இருக்கலாம், பிலிமின் உயிர் வெள்ளிதான். வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் புரோமைடோடு ஜெலட்டின் கூழில் சேர்த்தால் ஒளி பட்டதும் மாறுகிற மிக நுண்ணிய படிகங்கள் உண்டாகும். அந்தக் கூழைத் தாளைவிட மெல்லிய பூச்சாகப் பிலிம் சுருளின் மேல் படியவைக்க வேண்டும். ஒரு தூசி விழுந்தால் அத்தனை பிரதியிலும் ஒரு புள்ளி. ஊட்டியைத் தேர்ந்ததற்குக் காரணம் அந்தக் குளிரும் தூசி இல்லாத காற்றும். எல்லா நிறத்துக்கும் கூசுகிற பிலிம் என்றால் பூச்சிலிருந்து பெட்டியில் அடைப்பது வரை சிவப்பு விளக்குகூடக் கூடாது, முழு இருட்டு. அப்படிப்பட்ட ஆலைகளில் வேலை செய்பவர்கள் சுவரைத் தொட்டும், அடியெண்ணியும், குரல் கொடுத்தும்தான் ஒருவரையொருவர் கடக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் பிலிம், போட்டோத் தாள், சினிமாச் சுருள், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிம் என்று நாடு முழுக்கப் போனது. பிறகு கலர் வந்தது, வெளிநாட்டுச் சரக்கு வந்தது, 1990களில் ஆலை நலிந்த நிறுவனங்களின் பட்டியலில் சேர்ந்தது. மூடுவதா நடத்துவதா என்ற இழுபறி இருபது வருடம் நடந்து, 2014ல் மத்திய அமைச்சரவை எஞ்சியிருந்தவர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அனுமதித்தது. அதோடு முடிந்தது. டிஜிட்டல்தான் அதைக் கொன்றது என்று சொல்வது வசதியான சுருக்கம். டிஜிட்டல் கேமரா பரவலாவதற்கு முன்பே அது படுத்துவிட்டது.

காரை நிறுத்தி இறங்கினோம். மூடிய கட்டடங்கள், ஏறி வந்த புதர். நண்பன் இரண்டு படம் எடுத்தான், திருப்தி இல்லாமல் கேமராவை மூடினான். அம்மா இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். இங்கே என்ன செய்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். இருட்டில் வேலை செய்தார்கள் என்றதும் நம்பவில்லை.

"நாள் பூராவா?"

"ஷிப்ட் முடியிற வரைக்கும்மா."

"காலைல வெளிய வந்தா கண்ணு கூசுமே." கொஞ்ச நேரம் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பென்ஷன் உண்டா அவங்களுக்கு?"

எனக்கு அதற்குப் பதில் தெரிந்திருக்கவில்லை. அந்த ஆலையைப் பற்றி நான் படித்த எதிலும் வெள்ளி எத்தனை டன், இயந்திரம் எந்த நாட்டுடையது, நஷ்டம் எத்தனை கோடி என்றெல்லாம் இருந்தது.

பைக்காராவில் படகுக்குக் கூட்டம் அதிகம். அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒரு சோளக்கதிர் தின்றார். ராமானுஜம் கப்பலில் ஏறியபோது வாந்தி எடுத்ததைச் சொன்னார். படகு வேண்டாம் என்றுவிட்டார்.

*

அன்றிரவு லைன் வீட்டில் டிவியோடு கேமராவை இணைத்து எல்லாப் படங்களையும் போட்டோம். தம்பி, தம்பி மனைவி, அவர்கள் பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர். ஒவ்வொரு படத்துக்கும் கூச்சல். நண்பன் வேகமாகத் தள்ளி, தனக்குப் பிடித்த அந்தப் பக்கவாட்டுச் சிரிப்புப் படத்தில் நிறுத்தினான். எல்லோரும் அமைதியானார்கள். தம்பி மனைவி, "அத்தை, சினிமாக்காரி மாதிரி இருக்கீங்க" என்றார்.

அம்மாவும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். பிறகு பர்ஸிலிருந்து பூங்காவில் எடுத்த நூறு ரூபாய்ப் படத்தை எடுத்தார்.

"இதப் பெருசு பண்ணிக் குடு."

நண்பன் அதை வாங்கிப் பார்த்தான். நடு உச்சி வெயில், கண்ணுக்குக் கீழே நிழல். பின்னால் கண்ணாடி மாளிகை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அதற்கும் பின்னால் யாரோ ஒரு பையன் ஐஸ்கிரீம் தின்கிறான். நடுவில் அம்மா, கைகளைத் தொங்கவிட்டு, நேராக, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை.

"இதுல என்னம்மா இருக்கு? நான் எடுத்தத..."

"அதுல பாதிதான் இருக்கேன். இதுல பாரு, கால் தெரியுது."

அவன் என்னைப் பார்த்தான். வெளியே திண்ணைக்குப் போய் ஒரு பீடி பற்றவைத்தான். தம்பியுடைய பீடி, இவனுக்குப் பழக்கமில்லாதது, இருமினான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கீழே கோத்தகிரி விளக்குகள் தெரிந்தன. எடுக்கலாமா என்று தோன்றி, போனைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

"அதுல போகஸே சரியில்லடா" என்றான் கடைசியாக.

"முகம் தெரியுதுல்ல?"

"தெரியுது."

மறுநாள் கோத்தகிரி மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் ஸ்கேன் செய்து, பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில் போட்டு, தேக்கு நிற பிரேம் மாட்டினோம். கடைக்காரர் பின்னணியை மாற்றித் தரட்டுமா, ஐஸ்கிரீம் பையனை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். நண்பன் வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றான். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கவா என்றார். அதுவும் வேண்டாம் என்றான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தம்பி ஆணியும் சுத்தியுமாக, கோட்டுப் போட்ட அப்பா படத்துக்குப் பக்கத்துச் சுவரில் அளவு பார்க்க ஆரம்பித்தான். அங்கேதான் இடம் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து தடுத்தார்.

"அங்க எதுக்குடா? நான் இருக்கேன்ல. டிவிக்கு மேல மாட்டு."

டிவிக்கு மேலே ஒரு காலண்டர் இருந்தது. அதைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டு, அந்த ஆணியிலேயே படத்தை மாட்டினார்கள்.